துப்பு போனால் போகட்டும், கையெழுத்தைப் பிடியுங்கள்

கோவையில் லேத் பட்டறை நடத்தும் ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சாரம் இது.

பழைய கார் என்றால் இவருக்கு உயிர். ஞாயிறு வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வயதான மெக்கானிக்குகள், ஓய்வுபெற்ற டிரைவர்கள், இரும்புக் கடைக்காரர்கள் என்று விசாரித்து, எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் என்ன வண்டி தூங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அப்படித்தான் காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் கார் கொட்டகையில், 1930களின் இங்கிலாந்து கார் ஒன்று கண்ணில் பட்டது. டயர் நான்கும் மண்ணோடு மண்ணாகியிருந்தாலும் பாடி முழுசு. டாஷ்போர்டில் மெட்ராஸ் டீலரின் பித்தளைத் தகடுகூட அப்படியே இருக்கிறது. பதிவு, 1971இல் இறந்துபோன வீட்டுக்காரர் ஐயாவின் பெயரில். காரைக்குடியில் இருக்கும் அவருடைய பேரன் ஒருவர் நான்கு லட்சத்துக்குச் சம்மதித்து, ஒரு லட்சம் முன்பணம் வாங்கிக்கொண்டு முத்திரைத்தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். விலை பேசும்போது, "இது பழைய இரும்பு விலைக்குக்கூடப் போகாது, ஆசைக்குத்தான் வாங்குகிறேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அப்புறம்தான் சிக்கல். உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்பதற்காக ஒரு நண்பருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருக்கிறார். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று இவர் எழுத, "சரிங்கண்ணா" என்று பதில் வந்திருக்கிறது. இரண்டே வாரத்தில் அந்த நண்பர் வெளிமாநிலச் சேகரிப்பாளர் ஒருவரோடு அந்தக் கொட்டகை வாசலில் நின்று ஒன்பது லட்சம் என்றிருக்கிறார். இப்போது பேரன் போனை எடுப்பதில்லை.

இவருடைய கேள்விகள்: நண்பர் மேல் வழக்குப் போடலாமா? முன்பணம் கொடுத்த பிறகு கார் என்னுடையதுதானே? ஆர்.சி. புத்தகம் காணவில்லை, என்ன செய்வது? நோட்டில் உள்ள மற்ற துப்புகளை எப்படிக் காப்பாற்றுவது? வாட்ச்மேனுக்குப் பத்தாயிரம் கொடுத்து, வேறு யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு சின்னக் குட்டு. ஊர்ப் பெயர், வண்டியின் மாடல், பேரனின் பெயர் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அடையாளம் தெரியும்படியான எதுவும் இங்கே வராதபடி நான் மாற்றிவிட்டேன். ஆனால் துப்பு எப்படிக் கசிகிறது என்று கேட்டவர் நீங்கள்தான், பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

உங்கள் கோபம் முழுக்க நண்பர் மேல் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் பயம் தருவது நண்பர் இல்லை, அந்த முத்திரைத்தாள். அதனால் உங்கள் வரிசையை மாற்றி, இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

முன்பணம் கொடுத்தால் கார் உங்களுடையதா?

பேரனுக்கு அந்தக் காரை விற்க உரிமை இருந்தால், ஓரளவுக்கு ஆம். ஒரு லட்சம் வாங்கி, எழுத்தில் ஒப்புக்கொண்டு, பிறகு கூடுதல் விலைக்காகப் பின்வாங்கினால் அது ஒப்பந்த மீறல். இப்படிப்பட்ட வண்டி கடையில் கிடைக்கும் சரக்கு இல்லை என்பதால், பணம் வேண்டாம், வண்டியே வேண்டும் என்றுகூட நீதிமன்றத்தில் கேட்கலாம். குறித்தவகை நிவாரணச் சட்டத்தில் (Specific Relief Act) 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கோரிக்கை இன்னும் வலுவாகியிருக்கிறது.

ஆனால் அவருக்கு அந்த உரிமை இருக்கிறதா? நீங்கள் எழுதியிருக்கும் குடும்ப விவரத்தை வைத்தே கணக்குப் போடுவோம். ஐயா உயில் எழுதாமல் 1971இல் இறந்திருக்கிறார். மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். ஆச்சி 1980களில் காலமாகிவிட்டார். கார் ஐயாவின் சொந்தச் சொத்து என்று வைத்துக்கொண்டால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து பிள்ளைகளுக்கும் சம பங்கு. உங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர் இரண்டாவது மகனின் மகன். அந்த இரண்டாவது மகன் பத்து வருடம் முன்பு இறந்தபோது, அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் மனைவி, மகன், மகள் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆக உங்கள் பேரனுக்கு இருப்பது பதினைந்தில் ஒரு பங்கு. ஒரு சக்கரமும் ஹாரனும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆகி மலேசியா, சென்னைன்னு போயிட்டாங்க, அவங்க கேட்க மாட்டாங்க" என்று பேரன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்காமல் இருப்பது வேறு, உரிமை இல்லாமல் இருப்பது வேறு. தந்தையின் சொந்தச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது 1989இலோ 2005இலோ வந்ததில்லை. அந்த ஆண்டுத் திருத்தங்கள் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. சொந்தச் சொத்தில் மகளின் பங்கு 1956இலேயே வந்துவிட்டது. இந்தக் கார் கூட்டுக் குடும்ப வியாபாரப் பணத்தில் வாங்கியது என்று யாராவது வாதிட்டால் பங்குக் கணக்கு மாறும். அப்போதும் இந்தப் பேரன் ஒருவரே விற்றுவிடலாம் என்று ஆகிவிடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு: பல உரிமையாளர்களில் ஒருவர் கையில் மட்டும், மற்றவர்களின் சம்மதத்தோடு பொருள் இருந்து, அவருக்கு விற்கும் அதிகாரம் இல்லை என்று தெரியாமல் நல்லெண்ணத்தோடு ஒருவர் வாங்கினால், வாங்கியவருக்கு முழு உரிமை கிடைக்கும். உங்களுக்கு இது உதவாது. மலேசியா அத்தையைப் பற்றி எனக்கு எழுதியவரே நீங்கள்தான். மற்ற பங்காளிகள் இருப்பது தெரியாது என்று எந்த நீதிபதி முன்னால் சொல்வீர்கள்?

நீங்கள் யோசிக்காத ஒரு விஷயமும் உண்டு. பர்மா, மலாயா என்று வியாபாரம் செழித்த காலத்தில் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு வந்து இறங்கிய கார்களில் பெரும்பாலானவை எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இந்த ஒன்று மட்டும் ஏன் மிஞ்சியது? யார் விற்பது, பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பங்காளிகளுக்குள் பேச்சு முடியாததால்தான் இருக்கும். வீடு பூட்டிக் கிடப்பதும் அதனால்தான். எந்தக் காரணத்தால் அந்த வண்டி தப்பித்ததோ, அதே காரணம்தான் இப்போது உங்கள் குறுக்கே நிற்கிறது. இந்தத் தேடலில் இருக்கிற எல்லாரும் கொட்டகையைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது சுலபமான பாதி.

நண்பர் மேல் வழக்கு?

ஒரு கார் ஓர் இடத்தில் இருக்கிறது என்ற செய்தி யாருக்கும் சொத்து ஆகாது. நீங்கள் முதலில் பார்த்தீர்கள் என்பதால் அதன் மேல் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. நம்பிச் சொன்ன ரகசியத்தை மீறினார் என்று வழக்குப் போட வழி உண்டுதான். ஆனால் அதற்கு முதலில் அது ரகசியமாக இருக்க வேண்டும். அந்தக் கொட்டகையில் கார் நிற்பது வாட்ச்மேனுக்குத் தெரியும், எதிர் வீட்டுக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரியும், உங்களுக்குச் சொன்ன ஓய்வுபெற்ற டிரைவருக்குத் தெரியும். "சரிங்கண்ணா" என்ற ஒரு பதிலை வைத்துக்கொண்டு நஷ்டஈடு வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு வழி கொஞ்சம் பரவாயில்லை. உங்களுக்கும் பேரனுக்கும் ஒப்பந்தம் இருப்பது தெரிந்தே, அதை முறிக்கச் சொல்லித் தூண்டினார் என்று வழக்குப் போடலாம். அதற்கு ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டும், அதாவது சுற்றிச் சுற்றி அந்த முத்திரைத்தாளுக்கே வருகிறோம். நண்பருக்கு இப்போது நோட்டீஸ் விட்டால் அவர் ஒரு வக்கீலைப் பார்ப்பார். அந்த வக்கீலும் இதே பதினைந்தில் ஒரு பங்கைக் கண்டுபிடிப்பார். அடுத்த வாரம் உங்கள் நண்பர் மலேசியா அத்தையோடு பேசிக்கொண்டிருப்பார். நான் அந்த நோட்டீஸை அனுப்பமாட்டேன்.

ஒன்பது லட்சம் என்ற அந்தச் சேகரிப்பாளருக்கும் இதே சுவர்தான் குறுக்கே இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். விஷயம் தெரிந்தவராக இருந்தால், எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் இல்லாமல் அவர் ஒரு ரூபாய் நீட்டமாட்டார்.

"இரும்பு விலைக்குக்கூடப் போகாது"

இந்த வாக்கியத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதில் நின்றுவிட்டேன்.

விற்பவருக்குப் பொருளின் சந்தை மதிப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கடமை பொதுவாக வாங்குபவருக்குக் கிடையாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், பேச வேண்டிய கடமை இல்லாதபோது சும்மா இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்று இருக்கிறது. விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகவும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. இதெல்லாம் உங்கள் பக்கம். ஆனால் நீங்கள் சும்மா இருக்கவில்லை. பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மைபோலச் சொல்லியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் பேரன் சம்மதித்தார் என்று நிரூபணமானால், அவர் விருப்பப்பட்டால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அடிமாட்டு விலை, மனமார்ந்த சம்மதம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும்போது அவருக்கே துணை சேர்க்கும்.

இந்தத் தேடலில் இது வழக்கமான பேச்சு என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் பேரன் போனை எடுக்காததற்கு ஒன்பது லட்சம் மட்டும்தான் காரணமா? இரும்பு விலை என்று சொன்ன வாயும் நான்கு லட்சம் நீட்டிய கையும் ஒரே ஆளுடையது என்று அவர் வீட்டில் யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள்.

ஆர்.சி. புத்தகமும் கல்யாண வாடகைக் கனவும்

புத்தகம் தொலைந்ததால் வண்டி செல்லாக்காசு ஆகிவிடாது. பழைய நம்பர் பிளேட்டில் எம்.எஸ். என்று தொடங்கும் நம்பர் தெரிகிறது என்கிறீர்கள், அதுதான் நூல் முனை. காரைக்குடி இருக்கும் சிவகங்கை மாவட்டமே 1985இல்தான் உருவானது. அதற்கு முன் அது ராமநாதபுரம் மாவட்டம், அதன் கலெக்டர் அலுவலகம் இருந்ததோ மதுரையில். ஆகவே காரைக்குடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு "இங்கே பதிவேடு இல்லை" என்று சொன்னால் சோர்ந்துபோகாமல் மதுரையிலும் ராமநாதபுரத்திலும் தகவல் உரிமைச் சட்டப்படி பதிவேட்டு நகல் கேளுங்கள். வாரிசுகளில் ஒருவர் பெயரில் மனு போனால் இன்னும் நல்லது. பதிவேடு கிடைத்தால், தொலைந்ததற்கான போலீஸ் சான்றோடு படிவம் 26இல் நகல் புத்தகம் கேட்கலாம். உரிமையாளர் இறந்துவிட்டதால் முதலில் படிவம் 31 மூலம் ஒரு வாரிசின் பெயருக்கு மாற்றி, பிறகு படிவம் 29, 30 மூலம் உங்கள் பெயருக்கு. இறந்து அரை நூற்றாண்டு ஆனதால், வாரிசுச் சான்றிதழுக்கு நீதிமன்றம் போகச் சொல்லி தாசில்தார் கைவிரித்தாலும் வியப்பில்லை. அதற்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.

சேசிஸ் நம்பரைப் பென்சில் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். துரு இருக்கிறதே என்று எமரி பேப்பரால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். ஒரு எழுத்து தேய்ந்துபோனால், நம்பரை மாற்றியதாகச் சந்தேகம் உங்கள் மேல் விழும். இன்னொன்று: "என்கிட்ட அதே மாடலுக்குப் புக் இருக்கு, வண்டிதான் இல்லை" என்று யாராவது கண்டிப்பாக வருவார்கள். வேறு வண்டியின் புத்தகத்தை இந்த வண்டிக்குப் பொருத்துவது போலி ஆவணக் குற்றம். டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வின்டேஜ் பதிவுக்கு 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனி ஏற்பாடு வந்திருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கானது அது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, செல்லுபடி 10 ஆண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அந்த எம்.எஸ். நம்பரை விடாதீர்கள் என்கிறேன். ஆனால் இந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விட்டு மூன்று வருடத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடையாது.

நோட்டில் உள்ள மற்ற துப்புகள்

நீங்கள் எனக்கும் அனுப்பிய அந்த போட்டோவைத் திறந்து பாருங்கள். காரின் வலது மட்கார்டுக்குப் பின்னால் கொட்டகைக் கதவு பாதி திறந்திருக்கிறது. அந்த இடைவெளியில், தெருவுக்கு அந்தப் பக்கம், பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பலகை. ஊர்ப் பெயர் பளிச்சென்று தெரிகிறது. உங்கள் நண்பர் பெரிய துப்பறிவாளராக இருந்திருக்க வேண்டியதில்லை. உதிரிபாகம் கேட்க வேண்டுமென்றால் அந்தப் பாகத்தை மட்டும் கிட்டத்தில் எடுங்கள். நம்பர் பிளேட், தரை, கதவு, வெளிச்சம் வரும் திசையில் உள்ள எதுவும் வேண்டாம். போட்டோவை டாக்குமெண்டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் குறிப்பும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு போகலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

யாரையாவது கூட்டாகச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், இடத்தைச் சொல்வதற்கு முன் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். எந்த வண்டி, எத்தனை மாதத்துக்கு, அந்தக் காலத்தில் அவர் தானாகவோ வேறு ஆள் மூலமாகவோ உரிமையாளரை அணுகக் கூடாது, வண்டி முடிந்தால் அவருக்கு என்ன கமிஷன், மீறினால் என்ன தொகை. அவ்வளவு போதும். ஆத்திரத்தில், "இனி நீ பழைய கார் வியாபாரமே செய்யக் கூடாது" என்று எழுதிவிடாதீர்கள். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. துப்புச் சொன்ன டிரைவருக்கு உரிய பணத்தையும் பேசி உடனே கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. உங்களிடமிருந்து ஒன்றும் கிடைக்காவிட்டால் அவர் அடுத்தவரிடம் சொல்லத்தான் செய்வார். அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன்.

வாட்ச்மேன் விஷயத்தில் தெளிவாகச் சொல்கிறேன், வேண்டாம். அவர் சம்பளம் வாங்குவது அந்தக் குடும்பத்திடம். அவர்களுக்குத் தெரியாமல் பணம் கொடுத்து வாசலை அடைக்கச் சொல்வது, நாளைக்குத் தெரியவந்தால் உங்களைத் திருட்டுக் கூட்டத்தோடு சேர்த்துவிடும். "ராத்திரி லாரியைக் கொண்டு வாங்க, ஏத்திவிட்டுடறேன்" என்று அவர் சொன்னதாக எழுதியிருப்பது அதைவிட மோசம். சாவி அவரிடம் இருக்கிறது, அதிகாரம் இல்லை. அனுமதியில்லாமல் நுழைந்து ஏற்றினால் அத்துமீறல், திருட்டு இரண்டும் உங்கள் மேல் வரும். பங்காளிகள் இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒன்று சேர்ந்து நிற்பது உங்களுக்கு எதிரான புகாரில்தான் இருக்கும்.

சரி, இப்போது என்ன செய்வது?

உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒரு லட்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒதுங்குவது. விற்க உரிமை இல்லாதவர் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. வங்கி மூலம் கொடுத்திருப்பது நல்லது, அந்த ரசீதையும் முத்திரைத்தாளையும் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, குடும்பம் முழுவதோடும் புதிதாகப் பேசுவது. நான் இதைத்தான் முதலில் முயல்வேன். பேரனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். வண்டிக்கு இருக்கும் உண்மையான மதிப்பு, அதை ஓட வைக்க ஆகும் செலவு இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்பது லட்சத்துக்கு உங்களால் போக முடியாது என்றால் உங்களால் முடிந்த தொகையைச் சொல்லி, வாரிசு வேலை, பதிவேடு தேடும் வேலை, வண்டி ஏற்றும் செலவு எல்லாம் உங்கள் பொறுப்பு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர் பணத்தை நீட்டுவார். ஐந்து கிளைக்கும் அலைந்து காகிதம் சேர்க்க அவருக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

ஐயா காலத்துக்குப் பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதாவது எழுதப்பட்டதா என்று கேளுங்கள். அதில் கார் யார் பங்குக்கு என்று ஒரு வரி இருந்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். இல்லையென்றால் எல்லாரிடமும் சம்மதக் கடிதம். மலேசியாவில் இருக்கும் மகள், கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று இங்கே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். விற்பனைத் தொகை ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி வங்கிப் பரிமாற்றமாகப் போகட்டும். ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, அவர் பிரித்துக் கொடுத்தாரா என்று பிறகு நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மலேசியாவில் இருப்பவர்தான் மூத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பேரனிடம் நம்பர் வாங்கி, அவரையும் வைத்துக்கொண்டே முதல் போனை அந்த அம்மாவுக்குப் போடுங்கள். அவர் முடியாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு செலவு செய்யாமல் எனக்கு எழுதுங்கள், முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் நோட்டீஸை எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்.